வீட்டில் பார்க்கும் கோவிட் டெஸ்ட் கிட்: பாதி நம்பிக்கை, பாதி எச்சரிக்கை

கொரோனா வைரஸின் ஒமிக்ரான் திரிபு பரவிய அலையில் வாங்கிய கிட் இது. 2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரானைக் கவலைக்குரிய திரிபு என்று அறிவித்தது, அப்புறம் கொஞ்ச நாளிலேயே "சும்மா சளிதான்" என்று பேச்சு கிளம்பியது. நானும் அதைத்தான் நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் நோய் லேசானாலும் பத்து மடங்கு பேருக்குத் தொற்றினால்? 100 பேரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் 1000 பேரில் ஐந்து பேர் போவதும் ஒன்றா? விகிதம் பாதிதான், கட்டில் ஐந்து மடங்கு வேண்டும்.

சரி, கிட்டுக்கு வருவோம். மூக்கில் குச்சியைச் சுழற்றி, திரவத்தில் கலக்கி, சொட்டு விட்டு, 15 நிமிடம் காத்திருந்தால் போதும். ஒமிக்ரானின் மாற்றங்களில் பெரும்பகுதி வைரஸின் வெளியே முள் மாதிரி நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்தில்தான், இந்த வகை கிட்கள் பெரும்பாலும் தேடுவது வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை, அதனால் இது செல்லாக்காசாகிவிடவில்லை.

குறை எங்கே என்றால், தொண்டை கரகரத்த முதல் நாள் நெகட்டிவ் காட்டியது, நிம்மதியாகத் தூங்கினேன், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கிட்டில் 'டி' (டெஸ்ட்) என்று குறித்த பக்கம் மங்கலாக ஒரு கோடு. மங்கலானாலும் அது பாசிட்டிவ்தான், ஆனால் அதைச் சொல்லும் குறிப்புத்தாளின் எழுத்து எறும்பு சைஸ். நல்லவேளை, அந்த இரண்டு நாளும் பாட்டி பக்கம் மாஸ்க் இல்லாமல் போகவில்லை. இரண்டு டெஸ்ட் உள்ள பெட்டியாக வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை.