ஈமேக்ஸில்தானே படிக்கிறோம் என்ற தைரியத்தில் 640 வெள்ளி போனது

மின்னஞ்சலை ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தி மென்பொருளிலேயே படிக்கும் சிங்கப்பூர் நண்பர்களுக்காக எழுதுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் செங்காங் வீட்டில் ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, முகவரி சரியில்லை, 1.90 வெள்ளி கட்டினால் மறுபடி கொண்டுவருவோம் என்று ஒரு மடல். வங்கி மடலாக இருந்தால் உஷாராகியிருப்பேன். 2022-இலிருந்து இங்கே வங்கிகள் வாடிக்கையாளருக்கு இணைப்பு வைத்து மடல் அனுப்புவதில்லை. கூரியர் என்றதும் அந்த எண்ணமே வரவில்லை.

ஈமேக்ஸுக்குள் மடல் படிக்க நான் வைத்திருக்கும் மியூ4இ-யில் எச்டிஎம்எல் மடல் வெறும் எழுத்தாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் படங்களையும் தடுத்து வைத்திருந்தேன். பாதுகாப்புக்கென்று செய்ததே வினையானது. பிரவுசரில் பார்த்திருந்தால் அரைகுறை லோகோவாவது காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே நல்ல மடலுக்கும் திருட்டு மடலுக்கும் ஒரே முகம்.

டேப் தட்டியதும் கர்சர் "இங்கே செலுத்தவும்" மேல் போய் நின்றது. உண்மையான முகவரி திரையின் அடியில் வந்தது. வரத்தான் செய்தது! கூரியரின் பெயரில் தொடங்கியதைப் பார்த்ததும் என்டர் தட்டிவிட்டேன். தளம் யாருடையது என்று முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசித் துண்டுதான் சொல்லும். அங்கே இருந்தது நான் கேள்வியே படாத பெயர்.

ஈமேக்ஸ் 29-இல் சந்தேக இணைப்புக்கு எச்சரிக்கைக் குறி வருமே என்பீர்கள். எழுத்தில் ஒரு முகவரியைக் காட்டிவிட்டு வேறொன்றுக்குப் போகும் இணைப்பை, பிறமொழி எழுத்து கலந்த முகவரியை அது பிடிக்கும். "இங்கே செலுத்தவும்" என்று மட்டும் இருந்தால் ஒப்பிட அதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம் கார்டு எண், ஓடிபி. ஓடிபி வந்த குறுஞ்செய்தியிலேயே தொகை 640 வெள்ளி என்று இருந்தது. ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்தேன், தொகையைப் பார்க்கவில்லை.

கார்டை முடக்கினேன், மோசடி உதவி எண் 1799-க்கு அழைத்தேன், போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று. ஓடிபி-யை நீங்களே போட்டதால் பணம் திரும்பாது என்று வங்கி சொல்லிவிட்டது.

இப்போது இணைப்பின் மேல் என்டர் தட்டினால் முகவரியை நகலெடுக்க மட்டும் செய்யும்படி மாற்றிவிட்டேன். ஈமேக்ஸில் எச்டிஎம்எல்-ஐக் காட்டும் எஸ்எச்ஆர்-இன் விசைப்பட்டியலில் ஒரே வரி வேலை. நிஜமாகத் திறக்க வேண்டுமென்றால் வி விசை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.