ஹோட்டன் சமவெளிக்கு ஒரு நாள் டூர்: காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

வெள்ளி இரவு கொழும்பில் ஏறி, சனி விடிய நுவரெலியாப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் நடந்து, அன்றிரவே வீடு திரும்பலாம் என்ற விளம்பரங்கள் இப்போது நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் நிறையச் சுற்றுகின்றன. அப்படி ஒன்றில் நானும் மச்சாளும் போனோம். ஆளுக்கு 8,500 ரூபா. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். முழங்கால் வலியோடு நடந்த ஒரு வயதான டீச்சரை மூடுபனிக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். கண் சொருகிக்கொண்டிருந்த சாரதியை வைத்து எங்களை மலையால் இறக்கினார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் டூர் நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை.

இரவு 9 மணிக்கு வெள்ளவத்தையில் நிற்கச் சொன்னார்கள். வேன் வந்தது 11.40க்கு. அதன் பிறகு கொட்டாஞ்சேனை, வத்தளை என்று ஆள் ஏற்றப் போய், கொழும்பை விட்டு வெளியேறவே ஒரு மணி தாண்டிவிட்டது. 14 பேர் இருக்கவேண்டிய வேனில் 18 பேர். நடுவில் மடக்கு சீட் போட்டு, பைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் வழியாக விடிய விடியப் போனோம்.

தாமதம் எல்லா டூரிலும் நடக்கிறதுதானே என்று சிலர் கேட்கலாம். ஹோட்டன் சமவெளியில் தாமதம் என்றால் டூரே போச்சு. வாசல் காலை 6 மணிக்குத் திறக்கிறது. 'உலக முடிவு' என்ற அந்தப் பள்ளத்தாக்கு 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் 9, 10 மணியளவில் கீழிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும். இது அங்கே போய் வந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டூர் நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது 9.15.

"எல்லாம் உள்ளடக்கம்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வாசலில் வைத்து டிக்கெட்டுக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். "அக்கா, பெக்கேஜில என்ட்ரன்ஸ் இல்லையே" என்றார் ஏற்பாட்டாளர் தம்பி. விளம்பரத்தை போனில் காட்டினேன். அது பழைய போஸ்டர் என்றார். அங்கே நின்று சண்டை பிடித்தால் இன்னும் நேரம் போகும் என்று எல்லோரும் கட்டினோம். இந்த நிலையில் யாரும் கட்டத்தான் செய்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது சாப்பாடு. உள்ளே பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் ஒவ்வொரு பையாகத் திறந்து, பிஸ்கட்டின் மேலுறையைப் பிரித்தெடுத்து, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்தார்கள். அந்த மரைகளும் புல்வெளியும் இவ்வளவாவது தப்பியிருப்பது இந்தக் கண்டிப்பால்தான் என்று நினைக்கிறேன். எங்கள் காலைச் சாப்பாடு முழுவதும் லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீனில் சுற்றிய பார்சல். அப்படியே வேனில் வைக்கவேண்டியதாயிற்று. இரவு முழுக்கப் பயணம் செய்தவர்கள், பிள்ளைகள் உட்பட, வெறும் வயிற்றோடு கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நடக்கத் தொடங்கினோம்.

டீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஏறியவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபதை நெருங்கும் வயது. புக் பண்ணும்போதே முழங்கால் பிரச்சினையைச் சொல்லியிருக்கிறார். "பிரச்சினை இல்லை அம்மா, மெதுவா கூட்டிட்டுப் போவோம், கூடவே ஒரு கைட் வருவார்" என்று குரல் பதிவே அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம். கைட் என்று யாரும் வரவில்லை. ஏற்பாட்டாளர் இளம் பொடியன்களோடு முன்னால் வேகமாகப் போய்விட்டார். கல்லும் வேருமாக இருந்த இறக்கத்தில் டீச்சர் ஒவ்வொரு அடியையும் பக்கவாட்டாக வைத்து இறங்கினார். நானும் மச்சாளும், வத்தளைக் குடும்பமும், வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பியும் அவரோடு நின்றுவிட்டோம்.

உலக முடிவுக்குப் போனபோது முன்னால் வெள்ளைச் சுவர் மட்டும்தான். பாதை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று புரியவில்லை. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் இதே இடத்தில் படம் எடுக்கப் பின்னால் அடி வைத்து விழுந்து, மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர்தான் மேலே தூக்கினார்கள். அப்படிப்பட்ட விளிம்பில், பிள்ளைகளும் வயதானவரும் நிற்கும்போது, வழி தெரிந்த ஒருவர்கூட எங்களோடு இல்லை. பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பினோம். போனுக்கு சிக்னலும் இல்லை.

ஒருவழியாக வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தால் வேன் இல்லை. முன்னால் போனவர்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பார்சல்களும் குளிர் ஜக்கெட்டுகளும் அந்த வேனுக்குள். தூறலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். டீச்சருக்குக் குளிரில் உதடு நடுங்கத் தொடங்கியது. அங்கே வேலை செய்யும் ஒரு ஐயா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சுடச்சுட பிளேன்டீ தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் நன்றாக இருக்கவேண்டும்.

திரும்பும் வழியில் நடந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. முதல் நாள் இரவு முழுக்க ஓட்டிய அதே சாரதிதான் மீண்டும் ஓட்டினார். மாற்று ஆள் கிடையாது. கினிகத்தேனைப் பக்க வளைவுகளில் வேன் மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் சாய்வதை முன்னால் இருந்த வங்கித் தம்பிதான் கண்டு, தோளில் தட்டி எழுப்பினார். எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டு ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, அவரைத் தூங்க விட்டோம். அந்தச் சாரதியில் எனக்குக் கோபம் இல்லை. தூக்கமில்லாத ஆளை ஓட்ட விட்டவர்கள்தான் குற்றவாளிகள். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா போன பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அப்படியிருந்தும் மலைநாட்டு வீதியில் இப்படி ஓட்ட விடுகிறார்கள்.

வீடு வந்த பிறகு காசைத் திருப்பிக் கேட்டோம். முதலில் "பார்ப்போம் அக்கா" என்றார் ஏற்பாட்டாளர். அப்புறம் டீச்சருக்கு அவர்கள் அனுப்பிய குரல் பதிவை நான் குழுவில் போட்டதும், கேள்வி கேட்ட எல்லோரையும் குழுவில் இருந்து நீக்கிவிட்டார். அடுத்த மாதத்துக்கான அதே விளம்பரம் மறுநாளே வேறு குழுவில் வந்தது, அதே "எல்லாம் உள்ளடக்கம்" என்ற வரியோடு.

உங்களுக்கும் விளம்பரம் வந்தால், காசு அனுப்புமுன் எழுத்தில் கேளுங்கள்: வாசலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், டிக்கெட் யார் கட்டுவது, கடைசி ஆளோடு யார் நடப்பார், இரண்டாவது சாரதி இருக்கிறாரா. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். நாலு பேர் சேர்ந்தால், முதல் நாளே நுவரெலியா போய்த் தங்கி, விடிய அங்கிருந்து ஒரு வேன் பிடித்து 6 மணிக்கு வாசலில் நிற்கலாம். நாங்கள் டீச்சரை அப்படிக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஸ்கிரீன்ஷொட்களையும் குரல் பதிவுகளையும் காசு அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.