டெங்குவைப் பிறபொருளெதிரி எங்கே பிடிக்கிறது: மூன்று முறைகளும் என் தேர்வும்

2017 இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியெடுத்த பிறகு, திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒருமுறை நோய் கண்டவரின் குருதியில் பிறபொருளெதிரி (கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்) இருக்கத்தானே செய்யும், பிறகு இரண்டாம் முறை ஏன் இன்னும் கடுமையாகிறது? வைரசில் நான்கு வகைகள் உண்டு என்பது பாதிப் பதில். பிறபொருளெதிரி வைரசின் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில் மீதி இருக்கிறது. வைரசு கலத்தோடு இணைய உதவும் இணைவு வளையம் என்ற பகுதியில் ஒட்டுபவை நான்கு வகைகளையும் இனங்காணும். ஆனால் பெரும்பாலும் முடக்கமாட்டா. சில வேளை வைரசைக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தும் விடும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மலிவான வழி, புரதத்தைச் சிறு துண்டுகளாகச் செய்வித்துப் பார்க்கும் பெப்தைட்டுத் துண்டு முறை. 2017 இல் இலங்கையில் மேலோங்கியிருந்த இரண்டாம் வகையான டெங்கு 2 ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பைப் போர்த்தும் உறைப்புரதத்தில் 495 அமினோ அமிலங்கள். பதினைந்து அமிலம் நீளமான துண்டுகளை, ஐந்தைந்தாக நகர்த்திச் செய்வித்தால் 97 வரும். 96 குழித் தட்டில் ஒன்று மிஞ்சி எரிச்சலூட்டும். குழிக்கு ஒரு துண்டை ஒட்டவைத்து, பிறபொருளெதிரியை ஊற்றி, கழுவி, எது நிறம் மாறுகிறது என்று பார்க்கவேண்டியதுதான். எலைசா (பிறபொருளெதிரி ஒட்டுவதை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) செய்து பழகியவருக்கு இது பெரிய வேலையல்ல.

ஆனால் டெங்குவில் இது ஆளை ஏமாற்றும். வைரசின் மேற்பரப்பில் 180 உறைப்புரதங்கள் 90 சோடிகளாகப் படுத்திருக்கின்றன. வலிமையான பிறபொருளெதிரிகள் பல, சோடியின் இரு புரதங்களையும் ஒருங்கே தொட்டுத்தான் பிடிக்கின்றன. நான்கு வகைகளையும் முடக்குபவையாக 2015 இல் விவரிக்கப்பட்டவையும் அப்படிப்பட்டவையே. துண்டுக்கோ மடிப்பும் இல்லை, சோடியும் இல்லை. 97 குழிகளும் நிறமற்றுக் கிடக்க, நல்ல பிறபொருளெதிரியைப் பழுதென்று ஒதுக்கிவிடுவோம்.

இரண்டாவதான அலனைன் முறை புரதத்தை வெட்டுவதில்லை. அமிலங்களை ஒவ்வொன்றாக அலனைன் என்ற சிறிய அமினோ அமிலமாக மாற்றி (ஏற்கெனவே அலனைனாக இருப்பதைச் செரீன் என்ற இன்னோர் அமிலமாக்கி), கலங்களில் உருவாக்கி, எந்த மாற்றத்தில் பிடி விடுகிறது என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான மாற்றுருக்கள் வேண்டும்; பணமும் பொறுமையும் கரையும். பிடி விட்டது தொடுமிடம் போனதாலா, புரதமே குலைந்ததாலா என்ற ஐயமும் எழும். வேறிடத்தில் பிடிக்கும் இன்னொரு பிறபொருளெதிரி அதே மாற்றுருவில் வழக்கம்போல் ஒட்டவேண்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாத முடிவை நான் கணக்கில் எடுப்பதில்லை.

2017 இன் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி, பிறபொருளெதிரி பிடித்தபடியே வைரசை உறையவைத்துப் படமெடுக்கும். விலையைப் பேசிப் பயனில்லை. தொடுமிடம் முழுவதும் தெரியும். அதில் எந்த அமிலம் பிடியைத் தாங்குகிறது என்பது படத்திலிருந்து மட்டும் தெரியாது.

வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. நுளம்புக் கலங்களில் 28 பாகையில் வளரும் டெங்கு 2 வழுவழுப்பானது. அதன் சில குலங்கள் (உட்பிரிவுகள்) மனித உடல் வெப்பமான 37 பாகையில் மேடுபள்ளமாக விரிந்து, மறைந்த இடங்களைத் திறந்துகாட்டுவது 2013 இல் தெரியவந்தது. சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றுபோனால் நம் ஊர் ஆய்வுகூடத்துக்கும் இது பொருந்தும்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் என் தேர்வு அலனைன் முறை. அதற்கு முன், சூடாக்கிக் குலைத்த புரதத்திலும் உங்கள் பிறபொருளெதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் துண்டு முறையே போதும். ஒட்டாவிட்டால் அந்த 97 துண்டுகளுக்கு ஓடர் கொடுக்காதீர்கள்.