பெரிய ரகசியம்: துண்டு போடுவதா, வாய்ப்பூட்டா?

இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு செய்ய அமெரிக்கா ரகசியமாக நடத்திய மன்ஹாட்டன் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்த்தார்கள். எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் பத்தாயிரம் பேர் அளவில்தான்.

முதலாவதன் உத்தி, வேலையைத் துண்டு போடுவது. திட்டத்தின் ஓக் ரிட்ஜ் ஆலையில் இளம்பெண்கள் அளவுமானியின் முள் விலகாதபடி குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். பிரித்தெடுப்பது அணுகுண்டுக்கான யுரேனியம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் முழு விவரமும் தெரிந்தாக வேண்டிய விஞ்ஞானிகளிடம் இது பலிக்காது. குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து இயற்பியலர் கிளாஸ் ஃபுக்ஸ் வழியே மாஸ்கோவுக்குத் தகவல் போனது. இன்னொரு ஓட்டை வேடிக்கையானது: அணுப்பிளவுக் கட்டுரைகள் இதழ்களில் வருவது நின்றுபோனதை 1942-இல் சோவியத் இயற்பியலர் ஃப்ளியோரோவ் கவனித்து, ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். மௌனமே காட்டிக்கொடுத்தது.

பிளெட்ச்லியின் உத்தி, எல்லோருக்கும் வாய்ப்பூட்டு; ஆனால் அதோடு நிற்கவில்லை. ஜெர்மானியரின் எனிக்மா குறியீட்டு இயந்திரச் செய்தியை உடைத்துக் கப்பல் இருக்குமிடம் தெரிந்தாலும், உளவு விமானம் ஒன்றை எதிரி கண்ணில் படும்படி அனுப்பிவிட்டுத்தான் தாக்குவார்கள். பழி விமானத்தின் மேல் விழும். 1974 வரை பிரிட்டிஷ் மக்களில் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியாது. சோவியத்துக்கோ போர்க்காலத்திலேயே அங்கே வேலை பார்த்த ஜான் கெய்ர்ன்கிராஸ் தகவலைக் கொடுத்துவிட்டார்.

என் கணக்கில் இரண்டாவதே கெட்டி. ஆனால் இரண்டாலும் மறைக்க முடிந்தது சொந்த மக்களிடமும் ஜெர்மனியிடமும்தான். சோவியத் உளவுத்துறையிடம் அல்ல. அமெரிக்காவின் நிலவுப் பயணம் நாடகம் என்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: அதை அம்பலப்படுத்த சோவியத்தைவிட ஆசைப்பட்டவர் யார்?