ஃபிரான்சைஸ் டேக் என்னும் கருவி: மாற்று குவார்ட்டர்பேக்கை விற்பதற்கு ஏற்றதா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகளுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ஃபிரான்சைஸ் டேக்கை, கடையில் வாங்கும் பொருளைப் போலவே மதிப்பிடலாம். அதற்கு விலை உண்டு, நிபந்தனைகள் உண்டு, திருப்பித் தரும் வழியும் ஓரளவு உண்டு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையை 1993-இல் பெற்றபோது, அதற்கு ஈடாக அணிகளுக்கு இது வழங்கப்பட்டது. ஓர் அணி ஓர் ஆண்டில் ஒரே ஓர் ஆட்டக்காரரை இதன்மூலம் மேலும் ஓராண்டு நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இருக்கையில் அமர்ந்திருக்கும் மாற்று குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டேக் போட்டு, உடனே அவரை வேறோர் அணிக்கு விற்றுவிடும் உத்திக்கு இது பொருந்துமா என்பதையே இங்கே பார்க்கிறேன். வாங்குபவர் யார், என்ன தருவார் என்பது முன்கூட்டியே பேசி முடிந்திருந்தாலன்றி இதைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது என் கணிப்பு.

முதல் குறை விலையில் இருக்கிறது. டேக்கின் விலை ஆட்டக்காரரின் தரத்தைப் பார்ப்பதில்லை. அவர் ஆடும் இடத்தைப் பார்க்கிறது. அந்த இடத்தில் மிக அதிகமாகச் சம்பளம் பெறும் ஐவரின் தொகைகளே கணக்குக்கு அடிப்படை என்பதால், இரண்டு மாதம் மட்டுமே ஆடிய மாற்று ஆட்டக்காரருக்கும் முன்னணி நட்சத்திரத்தின் விலையே விழுகிறது. 2025-இல் குவார்ட்டர்பேக்குக்கான டேக் தொகை ஏறத்தாழ 4.02 கோடி டாலர். அணியின் மொத்தச் சம்பள வரம்போ 27.92 கோடி டாலர். களத்தில் இறங்காமலே போகக்கூடிய ஒருவருக்காக, விற்பனை முடியும்வரை ஏழில் ஒரு பங்கை முடக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை, பேனா ஆட்டக்காரரின் கையில் இருப்பது. அவர் கையெழுத்திடும்வரை அவருக்கு ஒப்பந்தமே இல்லை. ஒப்பந்தம் இல்லாதவரை விற்கவும் முடியாது. அதுவரை அணி டேக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். 2016 ஏப்ரலில் கரோலைனா பாந்தர்ஸ் அணி ஜாஷ் நார்மனிடம் அப்படித்தான் செய்தது, அவரும் எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலைக்கு வந்தார். கையெழுத்து விழுந்த மறுகணம் ஓராண்டுச் சம்பளம் முழுவதும் உறுதியாகிவிடும். ஆக, வாங்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் அபாயம் முழுவதும் அணியின் தலையில்தான். இதற்கிடையே ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: விற்பனை நடந்துவிட்டால் அந்தச் சம்பளம் முழுதாக வாங்கும் அணியின் கணக்குக்குப் போய்விடும், பழைய அணியின் கணக்கில் மிச்சம் எதுவும் தங்காது.

இந்த உத்தி பலித்ததற்கு எல்லோரும் காட்டும் சான்று மேட் காசல். 2008-இன் முதல் ஆட்டத்திலேயே முதன்மை குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் காயமடைய, உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் தொடங்கியிராத காசல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியை 11 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றார். 2009 பிப்ரவரி தொடக்கத்தில் அணி அவருக்கு 1.465 கோடி டாலருக்கு டேக் போட்டது. அவர் தயங்காமல் கையெழுத்திட்டார். அம்மாதம் 28-ஆம் நாள் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு விற்கப்பட்டார். கிடைத்தது டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 34-ஆம் இடம்; அதில் பேட்ரிக் சங்கைத் தேர்ந்தெடுத்தார்கள், அது நல்ல தேர்வாகவே அமைந்தது. ஆனால் சூழ்நிலை எவ்வளவு சாதகமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சீஃப்ஸின் புதிய பொது மேலாளர் ஸ்காட் பியோலி, சில வாரங்களுக்கு முன்புவரை பேட்ரியாட்ஸ் அலுவலகத்தில் இருந்து காசலை நன்கு அறிந்தவர். அப்படிப்பட்டவர் எதிரே அமர்ந்திருந்தும் முதல் சுற்றுத் தேர்வு கிடைக்கவில்லை. போதாக்குறைக்குத் தற்காப்பு ஆட்டக்காரர் மைக் வ்ரேபலையும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தது.

நிக் ஃபோல்ஸின் கதை இதற்கு நேர்மாறானது. எனக்கு அதுவே கூடுதலாகக் கற்றுத்தருகிறது. 2018 பிப்ரவரியில் மாற்று குவார்ட்டர்பேக்காக இருந்து பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்று தந்த அவருக்கு, மறு ஆண்டு 2 கோடி டாலர் சம்பளத்தில் அணியில் தொடரும் வாய்ப்பு வந்தது. அவரோ 20 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்து அதிலிருந்து விலகிக்கொண்டார். தன் விடுதலைக்குக் கைக்காசு கொடுத்தவர், மறுவாரமே டேக் தாளில் உற்சாகமாகக் கையெழுத்திடுவார் என்று எந்த அணி நம்பும்? மேலும், டேக் போடும் அணி அந்தச் சம்பளத்துக்கு அவரை உண்மையிலேயே ஆட வைக்கும் எண்ணத்தோடு போட வேண்டும் என்று லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. பிரேடியின் முழங்கால் எப்போது தேறும் என்று தெரியாதிருந்த பேட்ரியாட்ஸுக்கு அந்த நியாயம் இருந்தது. முதன்மை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸே எங்கள் எதிர்காலம் என்று சொல்லிவந்த ஈகிள்ஸுக்கு அது எளிதாக வாய்த்திருக்காது. ஏறத்தாழ 2.5 கோடி டாலர் டேக்கை அவர்கள் போடாமல் விட்டதைப் பலர் கோட்டைவிட்டதாகக் கருதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

ஏனென்றால் வெறுங்கையோடு அவர்கள் நிற்கவில்லை. போன ஆட்டக்காரருக்கு ஈடாக லீக் தரும் இழப்பீட்டுத் தேர்வு, 2020 டிராஃப்டில் 103-ஆம் இடமாக வந்து சேர்ந்தது. டேக் உத்தி மிகச் சிறப்பாகப் பலித்தபோது கிடைத்தது 34. ஒன்றும் செய்யாதபோது கிடைத்தது 103. இந்த இடைவெளி சிறியதன்று, ஆனால் அதற்காக வசந்த காலம் முழுவதும் வேறு ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்ய முடியாமல் காத்திருப்பது எனக்குக் கட்டுப்படியாகும் பேரமாகத் தெரியவில்லை. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் உண்டு: அணி தானும் வெளியிலிருந்து பலரை ஒப்பந்தம் செய்துகொண்டால் இழப்பீட்டுத் தேர்வு கரைந்துபோகும்.

ஃபோல்ஸை நான்கு ஆண்டுகளுக்கு 8.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்த ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணிக்கு, முதல் ஆட்டத்திலேயே அவருடைய காறை எலும்பு முறிந்தது. 2020 மார்ச்சில் அவரைச் சிகாகோ பேர்ஸுக்கு விற்றபோது கிடைத்தது ஒரேயொரு நான்காம் சுற்றுத் தேர்வு.