மாயக் கதை நடுவில் நின்றுவிட்டால்: காட்சி அட்டையா, முதல் வாசகரா?

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் மிகுபுனைவு (மாயக் கதை) நாவல் எழுதும் தம்பி தங்கைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்: காட்சிக்கு ஓர் அட்டை எழுதிக் கதையைத் தாங்களே சோதிப்பதா, வரைவை முதலில் வாசித்துக் கருத்துச் சொல்லும் ஒருவரிடம் கொடுப்பதா?

செலவு: அட்டைக்குப் புறக்கோட்டையில் ஒரு கட்டு வாங்கினால் போதும். வாசகருக்கு முழு வரைவையும் பிரின்ட் எடுக்க வேண்டும்.

நேரம்: அட்டை சில மாலைகளில் முடியும். வேலைக்குப் போய்வரும் வாசகர் என்றால் மாதக்கணக்கு.

எந்தக் குறையைக் கண்டுபிடிக்கும்: இதுதான் முக்கியம். எழுதிய காட்சி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடிவில் என்ன மாறுகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே 'அதனால்' அல்லது 'ஆனால்' வரவேண்டும். 'பிறகு' மட்டும் வந்தால் அங்கே காரணச் சங்கிலி அறுந்திருக்கிறது. கதையின் இறுதிப் போரில் நாயகியைக் காப்பாற்றும் மந்திரம் முன்னைய எந்த அட்டையிலும் இல்லையென்றால் அதுவும் உடனே தெரியும்.

அட்டைக்குச் சலிப்புத் தெரியாது. மந்திர விதி புரிந்ததா, அரச வம்ச வரலாறு அலுத்ததா என்பதை வாசகர்தான் சொல்லுவார். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்தப் பக்கத்தில் மூடி வைச்சீங்க? அடுத்து என்ன நடக்கும் எண்டு நினைச்சீங்க?" என்று கேளுங்கள்.

பாதியில் திணறுபவருக்கு அட்டை. முழு வரைவு முடித்தவருக்கு வாசகர். அரைகுறை வரைவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒருவர் உங்கள் கதையை முதல் தடவையாக ஒருமுறைதான் வாசிக்க முடியும்.