கெட்ட கனவுக்கு எது எடுபடும்: விபூதியா, மாத்திரையா, நோட்டுப் புத்தகமா?

ஆபீஸில் ஆட்குறைப்பு, வீட்டுக்கடன் தவணை, பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு என்று ஏதாவது ஒன்று நெருக்கும்போதுதான் ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். படித்து முடித்து இருபது வருஷம் ஆனவருக்கும் பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் புரியாது. 2015 டிசம்பரைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்: வீட்டு வைத்தியம், மது, மாத்திரை, நோட்டுப் புத்தகம் என்று நாலு.

முதலில் வீட்டு வைத்தியம். தலையணைக்கு அடியில் சாவியோ வேப்பிலையோ, நெற்றியில் விபூதி, தர்காவில் ஓதிக் கட்டிய தாயத்து. இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கனவுக்குப் பயந்து படுக்கையைத் தள்ளிப்போடுவதும், ஒரு மணி வரை போனைப் பார்ப்பதும் தூக்கத்தை இன்னும் கெடுக்கும். அந்தப் பயத்தை விபூதி குறைத்தால் லாபம்தான். ஆனால் கனவு அப்படியே இருக்கும். தாயத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

'ஒரு கட்டிங் போட்டால் கனவே வராது' என்பது பாதி உண்மை. கனவுகள் அதிகம் வரும் தூக்கநிலையை மது முன்னிரவில் அமுக்கி வைக்கும். போதை இறங்கியதும் அந்தத் தூக்கநிலை விட்டதையும் சேர்த்துப் பிடிக்கும். விடியற்காலையில்தான் எப்படியும் கனவு நீளம். அப்போது இதுவும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? நாலில் இதுதான் மோசம்.

அடுத்தது மாத்திரை. தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மருந்தே இல்லை. பழகிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கனவு இன்னும் மூர்க்கமாக வரலாம். பிராசோசின் என்ற பிரஷர் மருந்தைச் சில டாக்டர்கள் இதற்குத் தருகிறார்கள். சிலருக்குக் கேட்கிறது, ஆனால் முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய சோதனையில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை. இன்னொரு விஷயம்: படபடப்புக்கும் பிரஷருக்கும் தரும் புரோப்ரனலால் போன்ற மருந்துகளே சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். புது மாத்திரை தொடங்கிய பிறகு கனவும் தொடங்கியதா என்று பாருங்கள். தொடங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் ஓட்டு நோட்டுப் புத்தகத்துக்கு. மற்ற மூன்றும் தூக்கத்தைச் சுற்றி வருகின்றன. இது ஒன்றுதான் கனவிலேயே கை வைக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018-இல் பரிந்துரைத்ததும் இந்த முறையைத்தான். செய்வது எளிது. பகலில் உட்கார்ந்து கனவை எழுத வேண்டும். பிறகு உங்களுக்குப் பிடித்தபடி அதை மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கதையைத் தினமும் பத்து, இருபது நிமிஷம் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கனவை ஓட்டத் தேவையில்லை.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு வேலை ஆட்டம் கண்டதிலிருந்து வெள்ளக் கனவு. தண்ணீர் கட்டில் உயரம் வரும், கதவு திறக்காது. அவர் எழுதிய புதுக் கதையில் தண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆனால் ஜன்னலோரம் ஒரு மீன்பிடிப் படகு வந்து நிற்கிறது. 2015-இல் மீனவர்கள் நிஜமாகவே தெருத்தெருவாகப் படகு ஓட்டினார்களே, அது. 'ஏறு சார், டீ ஆறிடப் போகுது' என்கிறார் படகுக்காரர். மனைவி சிரித்துவிட்டாராம். சில வாரம் கழித்தும் கனவு வந்தது, ஆனால் வியர்த்து எழுந்திருப்பது குறைந்தது. கனவு அடியோடு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இரண்டாம் நாளே நோட்டை மூடிவிடுகிறார்கள்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை என்று நடந்ததே கனவாக வந்தால் தனியாக இறங்க வேண்டாம். ஆலோசகரை வைத்துக்கொண்டு, குறைவாகப் பயமுறுத்தும் கனவிலிருந்து தொடங்குவது நல்லது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. கிளம்பத் தயக்கமாக இருந்தால் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். ஐம்பது வயதுக்கு மேல் தூக்கத்திலேயே கையைக் காலை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பதாக இருந்தால் அது வேறு கதை. நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.